டிசைனர் உடைக் கண்காட்சிக்கு முதல் முறை போகிறீர்களா? மலையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் பக்கம் துணிக் கண்காட்சி என்றாலே கல்யாண மண்டப வாசலில் கட்டிய பேனரும் உள்ளே குவித்து வைத்த தள்ளுபடிச் சுடிதார்களும்தான் ஞாபகத்துக்கு வரும். கோத்தகிரியில் என் தையல் வகுப்புக்கு வரும் பெண்களிடம், "மியூசியத்தில் ஒரு டிசைனரின் உடைகளை வைத்திருக்கிறார்கள், போய்ப் பார்க்கலாமா?" என்று கேட்டால், "பீஸ் என்ன ரேட் அக்கா?" என்றுதான் முதல் கேள்வி வரும். அங்கே எதுவும் விற்பனைக்கு இல்லை என்றதும் பாதிப் பேருக்கு ஆர்வம் போய்விடும். மீதிப் பாதிக்காக இதை எழுதுகிறேன். தையல் படிப்பவர்கள், ஆரி வேலை செய்பவர்கள், கோவையில் ஃபேஷன் டிசைனிங் சேர்ந்திருக்கும் பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் அம்மாக்கள் எல்லாரும் இதில் அடக்கம்.

இது ஃபேஷன் ஷோ இல்லை. ஷோவில் ஓர் உடை நம் கண்முன் சில நொடிகள்தான் இருக்கும், அதற்குள் அடுத்தது வந்துவிடும். மியூசியத்தில் அதே உடை ஒரு பொம்மைமேல் மாதக்கணக்கில் நிற்கும். குனிந்து பார்க்கலாம், சுற்றி வரலாம், அரைமணி நேரம் ஒரே கைப்பட்டியை முறைத்துக்கொண்டு நின்றாலும் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். உயிரோடிருக்கும் ஒரு டிசைனருக்கென்று தனியாக நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியம் முதன்முதலில் கண்காட்சி வைத்தது 1983இல், ஈவ் சான் லோரானுக்கு. கடைச்சரக்கை மியூசியத்தில் வைக்கலாமா என்று அப்போது பலர் முணுமுணுத்தார்கள். இப்போது உலகத்தின் பெரிய மியூசியங்களில் கூட்டம் அலைமோதுவதே இந்த மாதிரிக் கண்காட்சிகளுக்குத்தான்.

போகிறவர்களில் பெரும்பாலானோர் முன்பக்கத்தைப் பார்த்து, "என்ன அழகு!" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். தைக்கத் தெரிந்தவர்கள் அப்படி வரக் கூடாது என்பது என் கட்சி. ஓர் உடை எப்படி நிற்கிறது, எது அதைத் தாங்குகிறது, யார் கை அதில் பட்டது என்பதெல்லாம் உள்பக்கத்தில்தான் இருக்கிறது. கீழே நான் சொல்கிற படிகள் எல்லாம் அந்த உள்பக்கத்துக்குப் போய்ச் சேரத்தான்.

படி 1: கண்ணை இங்கேயே பழக்குங்கள்

பெங்களூருக்கோ சென்னைக்கோ டிக்கெட் போடுவதற்கு முன்னால் ஒருநாள் முத்தோரை பாலாடாவுக்குப் போய் வாருங்கள். ஊட்டியிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். அங்கே பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று நம் மலையின் மக்கள் புழங்கிய பொருட்களைப் பார்க்கலாம். அலுவலக நாளாகப் பார்த்துக் காலையிலேயே போங்கள். மைசூர் சாலையில் இருக்கும் ஊட்டி அரசு அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். கூட்டமே இருக்காது. பழகுவதற்கு அதைவிட வசதி வேறென்ன?

பயிற்சிக்கு நான் எடுத்துக்கொள்வது தோடர்களின் பூத்துக்குளி. வெள்ளைப் பருத்திப் போர்வை, ஓரத்தில் சிவப்பும் கறுப்புமாகப் பட்டைகள், அந்தப் பட்டைகளை ஒட்டிப் பூவேலை. ஆணும் பெண்ணும் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொள்வார்கள். நாம் அதை ஊட்டிச் சாலையோரம் சால்வையாக, மொபைல் பையாக, மேசை விரிப்பாகப் பார்த்துப் பார்த்துக் கண் மரத்துப் போயிருக்கிறோம். இந்தத் தடவை ஓரடி தூரத்தில் நின்று பாருங்கள். துணி கொஞ்சம் முரடு. பாவும் ஊடையும், அதாவது நெட்டு நூலும் குறுக்கு நூலும், தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும். அப்படித் தெரிவதால்தான் இந்த வேலையே சாத்தியம். பென்சிலால் வரைந்துகொள்வதில்லை, டிரேசிங் பேப்பர் இல்லை, ஆரிக்குப் போடுகிற மாதிரி ஃபிரேமும் இல்லை. துணியின் நூலை எண்ணி எண்ணி ஊசி போகிறது. இத்தனை நூல் விட்டு, இத்தனை நூல் எடுத்து என்று கணக்கு முழுக்கத் தைக்கும் பெண்ணின் தலைக்குள் இருக்கிறது. ஒரு வரியில் எண்ணிக்கை தப்பினால் அடுத்த வரியிலேயே கோணல் தெரிந்துவிடும்.

இப்போது ஒரு கேள்வி: இதில் முன்பக்கம் எது, பின்பக்கம் எது? உடனே பதில் வராது, ஏனென்றால் இரண்டு பக்கமும் போர்த்திக்கொள்ளலாம். நம் மெஷின் எம்பிராய்டரியைத் திருப்பிப் பார்த்தால் நூல் முடிச்சும் பேப்பர் கேன்வாஸும் அசிங்கமாகத் தொங்குமே, அந்தப் பேச்சே இங்கே கிடையாது. இந்தப் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்னொன்றும் கவனியுங்கள். துணியைத் தோடர்கள் நெய்வதில்லை, அது கீழ்நாட்டு நெசவாளர்களிடமிருந்து வருகிறது. ஒரே போர்வையில் இரண்டு ஊர்க் கைகள். கண்காட்சியில் எந்த உடைக்கு முன்னால் நின்றாலும் நெய்தது யார், பூ போட்டது யார் என்று கேட்கும் பழக்கம் இங்கிருந்தே வந்துவிடும்.

பூவேலை செய்வதை நேரில் பார்க்க ஆசையிருந்தால் தெரிந்தவர் மூலமாகக் கேட்டுக்கொண்டு மந்துக்கு, அதாவது தோடர் குடியிருப்புக்கு, போங்கள். சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே நுழைவது, கோயில் பக்கம் போவது, தைத்துக்கொண்டிருக்கும் பாட்டியின் முகத்துக்கு நேரே போனை நீட்டுவது எல்லாம் வேண்டாம். அது அவர்கள் வீடு.

படகு இல்லத்துக்கு எதிரே இருக்கும் நூல் பூங்காவைப் பற்றியும் கேட்பீர்கள். ஊசியில்லாமல் நூலைச் சுற்றியே செய்த செடிகளும் பூக்களும் அங்கே இருக்கின்றன. செய்தவர்களின் பொறுமையை நினைத்து ஒரு தடவை பார்க்கலாம். உடையைப் பார்க்கப் பழகுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

படி 2: எங்கே, எப்போது

கோவை அவிநாசி சாலையில் கஸ்தூரி சீனிவாசன் கலை மையத்தோடு ஒரு ஜவுளி அருங்காட்சியகம் இருக்கிறது. நமக்கு மிகப் பக்கம் அதுதான், காலையில் இறங்கி மாலையில் ஏறிவிடலாம். பெங்களூர் கஸ்தூர்பா சாலையில் 2023இல் திறந்த கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகத்தை எல்லாரும் 'மேப்' என்று சொல்வார்கள். அவர்களின் சேகரிப்பில் ஜவுளிக்குத் தனி இடம் உண்டு. சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலை முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. அங்கே நெசவாளர் வீட்டையே பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள், டிசைனர் கண்காட்சி இல்லாத நாளிலும் போகலாம். மும்பையில் நீதா முகேஷ் அம்பானி கலாசார மையம் 2023இல் திறந்தபோது 'இந்தியா இன் ஃபேஷன்' என்றொரு பெரிய கண்காட்சி வைத்தார்கள். இந்திய உடையும் துணியும் மேல்நாட்டு டிசைனர்களை எப்படியெல்லாம் இழுத்தன என்பதுதான் அதன் பொருள். அந்த மாதிரிக் கண்காட்சிகளுக்கு நம் மலையிலிருந்து போவது பெரிய செலவு. சொந்தக்காரர் வீடு அந்த ஊரில் இருந்தால் யோசிக்கலாம்.

விடுமுறை நாளை மட்டும் கட்டாயம் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு. மேப் திங்கட்கிழமை மூடியிருக்கும். தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய். ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் உட்கார்ந்து வந்து பூட்டிய கேட்டைப் பார்ப்பதைப்போல எரிச்சல் வேறில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் அவர்களுடைய இணையதளத்தைப் பாருங்கள் அல்லது ஒரு போன் போட்டுக் கேளுங்கள். மியூசியம் திறந்திருந்தும் அந்தக் குறிப்பிட்ட கூடம் அடுத்த கண்காட்சிக்காக மூடியிருக்கலாம், அதையும் கேளுங்கள்.

உடைக் கண்காட்சி பெரும்பாலும் சில மாதங்கள்தான் நடக்கும். வெளிச்சம் படப்படத் துணியின் சாயம் வெளுக்கும், இழை நைந்துபோகும், அந்தச் சேதத்தைத் திருப்பவே முடியாது. அதனால் கொஞ்ச காலம் வெளியில் வைத்துவிட்டு இருட்டறைக்கு அனுப்பிவிடுவார்கள். கடைசி வாரம் போய்க்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள், எல்லாரும் அப்படியேதான் நினைக்கிறார்கள். இங்கிலாந்து டிசைனர் அலெக்ஸாண்டர் மெக்வீன் இறந்த மறு வருடம், 2011இல், நியூயார்க்கில் அவருடைய உடைகளுக்கு வைத்த கண்காட்சியை 6.6 லட்சம் பேர் பார்த்தார்கள். கடைசி நாட்களில் நடுராத்திரி வரை மியூசியத்தைத் திறந்து வைக்க வேண்டியதாயிற்று. 2015இல் அதே கண்காட்சி லண்டனுக்கு வந்தபோது, முடியும் தறுவாயில் வார இறுதிகளில் விடிய விடியத் திறந்து வைத்தார்கள். நம் ஊர்க் கண்காட்சிக்கு அவ்வளவு கூட்டம் வராது என்றாலும் கடைசி ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் உள்பக்கத்தைப் பார்க்க முடியாது. ஆரம்பித்து ஒரு மாதம் கழிந்த பிறகு, வேலை நாளில், திறந்த உடனே போவது உத்தமம்.

படி 3: ஒருமணி நேரம் வீட்டுப் பாடம்

டிசைனரின் வாழ்க்கைக் கதையை முழுக்கப் படிக்க வேண்டாம், அதை அங்கே சுவரிலேயே எழுதியிருப்பார்கள். அவர் துணியோடு போட்ட சண்டை என்ன என்பதை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள்.

ஜப்பான் டிசைனர் இஸ்ஸே மியாகேவை எடுத்துக்கொள்வோம். நாம் துணியில் மடிப்பு வைத்துவிட்டுப் பிறகு உடையைத் தைப்போம். அவர் தலைகீழாகச் செய்தார். தேவையான அளவைப்போல இரண்டு, மூன்று மடங்கு பெரிதாக உடையைத் தைத்து முடித்துவிட்டு, பேப்பருக்கு நடுவில் வைத்துச் சூட்டில் அழுத்தி மொத்தமாக மடிப்பு ஏற்றினார். பாலியஸ்டர் என்பதால் மடிப்பு துவைத்தாலும் போகாது. இது தெரியாமல் போனால், "ஏதோ சுருக்கமான டிரெஸ்" என்று கடந்துவிடுவீர்கள். தெரிந்து போனால் தையல் மேல் மடிப்பு எப்படி ஏறியிருக்கிறது என்று தேடுவீர்கள்.

நம் நாட்டில் ஆபிரகாம் அண்டு தாக்கூர் என்ற டிசைன் நிறுவனம். அவர்கள் ஒரு சேலை செய்தார்கள், கறுப்பும் வெள்ளையுமாக. தூரத்தில் பார்த்தால் வெள்ளைக்காரர்களின் கோட்டுத் துணியில் வரும் பல்லுப் பல்லான கட்டம். கிட்டே போனால் கட்டத்தின் ஓரம் லேசாக மங்கி மங்கித் தெரியும். அச்சடித்தது இல்லை, இரட்டை இகத். அதாவது பாவு நூலையும் ஊடை நூலையும் நெய்வதற்கு முன்னாலேயே கட்டிச் சாயம் போட்டு, தறியில் இரண்டும் சரியான இடத்தில் சந்திக்கும்படி நெய்வது. அந்தச் சேலை இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தின் சேகரிப்பில் இருக்கிறது. தட்சிணசித்ராவில் இகத் நெசவாளர் வீட்டைப் பார்த்துவிட்டால் இந்தக் கணக்கு நன்றாகப் புரியும்.

படி 4: இறங்கும் வழி

சென்னைக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து இரவில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் போதும், விடிந்ததும் சென்ட்ரல். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர்தான், நேர் பஸ் இருக்கிறது. ஊட்டி, குன்னூர்க்காரர்கள் மலை ரயிலில் இறங்கி இதைப் பிடிக்கலாமே என்று கணக்குப் போடுவார்கள். அந்த ரயில் டிக்கெட் டூரிஸ்டுகளுக்கே கிடைப்பதில்லை, மழைக்காலத்தில் மண்சரிவு என்றால் ஓடவும் ஓடாது. பஸ்ஸிலேயே இறங்குங்கள். சீசன் சமயத்தில் பர்லியார் பக்கம் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும், இரண்டு மணி நேரமாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூருக்குக் கூடலூர், முதுமலை, மைசூர் வழி. பந்திப்பூர் காட்டில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வண்டிகளுக்குத் தடை, விதிவிலக்கு ஒருசில அரசு பஸ்களுக்கும் ஆம்புலன்ஸ் மாதிரி அவசர வண்டிகளுக்கும் மட்டும்தான். சொந்தக் காரிலோ வாடகை வேனிலோ போகிறவர்கள் திரும்பும்போது இதை மறந்துவிட்டு குண்டல்பேட்டில் ராத்தங்கும் கதை நம் ஊரில் நிறைய உண்டு. பகலில் போய்ப் பகலில் திரும்புங்கள், அல்லது கோவை, சேலம் வழியாகச் சுற்றிப் போங்கள்.

ஸ்வெட்டரைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். கீழே வெயில் மண்டையைப் பிளக்கும், சரி. ஆனால் கூடத்துக்குள் ஏசி ஊட்டி டிசம்பரைப்போல இருக்கும், துணிக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். நடுங்கிக்கொண்டே மெட்ராஸ்காரர்கள் அரைமணியில் வெளியே ஓடும்போது நாம் நிதானமாகப் பார்க்கலாம். மலைக்காரர்களுக்கு எங்கேயாவது ஒரு சலுகை வேண்டுமே.

படி 5: வாசலில்

பெரிய பை, குடை, தண்ணீர் பாட்டில், டிபன் எல்லாம் வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். கைக்கு அடக்கமான ஒரு நோட்டும் பென்சிலும் போதும். பேனா வேண்டாம், மை சிந்தினால் அதை எடுக்க முடியாது என்பதால் பல இடங்களில் அனுமதிப்பதில்லை. ஃபிளாஷ் போடாமல் படம் எடுக்கலாமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், சில உடைகளுக்கு மட்டும் தடை இருக்கும். தரையில் கோடு போட்டிருந்தால் காலை மட்டும் பார்த்தால் போதாது, நோட்டில் கிறுக்கிக்கொண்டு குனியும்போது தலை கோட்டைத் தாண்டிவிடும். அப்புறம் செக்யூரிட்டி அண்ணன் வந்து நிற்பார்.

படி 6: உள்ளே

நுழைந்ததும் இருட்டாகத்தான் இருக்கும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவில்லை. பழைய துணிக்கு 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் போகக் கூடாது என்பது மியூசியங்களின் பொது வழக்கம், நாம் தைக்க உட்காரும் மேசையில் அதைப்போலப் பத்து மடங்காவது இருக்கும். கண் பழக ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தில் எதையும் படிக்காமல் கூடம் முழுக்க ஒரு சுற்று வேகமாக நடந்துவிடுங்கள். எந்த உடை உங்களை நிறுத்துகிறதோ அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது சுற்றில் நாலைந்து உடைகளிடம் போனால் போதும். அறுபது உடையையும் சமமாகப் பார்க்கிறேன் என்று கிளம்பினால் கடைசியில் கால்வலிதான் நினைவிருக்கும்.

ஓர் உடையை எப்படிப் பார்ப்பது? வகுப்பில் நான் சொல்வது, கீழிருந்து மேலே போங்கள் என்பதுதான். மேலே பார்த்தால் பூவேலையும் மணியும் நம்மை மயக்கிவிடும். கீழ் மடிப்பு பொய் சொல்லாது. ஹெம்மிங் கையா மெஷினா? தையல் வெளியே தெரிகிறதா? விளிம்பு நேராகத் தொங்குகிறதா? நேராகத் தொங்கினால் ஏன்? ஷனேல் கம்பெனியின் புகழ்பெற்ற ஜாக்கெட்டை எங்காவது பார்த்தால் குனிந்து உள் ஓரத்தைத் தேடுங்கள். லைனிங்கின் கீழ் விளிம்பில் ஒரு மெல்லிய உலோகச் சங்கிலியைக் கையால் தைத்திருப்பார்கள். கை தூக்கினாலும் உட்கார்ந்தாலும் ஜாக்கெட் மேலே ஏறி நிற்காமல் தன் எடையில் இறங்கிவிடும். வெளியே இருந்து பார்த்தால் அது இருப்பதே தெரியாது. மேலே போட்ட பட்டனைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இந்த ஜாக்கெட்டின் பாதி ரகசியம் தெரியாமலேயே போய்விடும்.

அடுத்து துணியின் ஓட்டம். பாவு நூல் நெட்டுக்குப் போகிறதா, சாய்வாகப் போகிறதா? சாய்வு என்றால் கிராஸ் கட்டிங். பிரான்ஸின் மதலேன் வியோனே 1920களில் உடை முழுவதையுமே கிராஸில் வெட்டினார். டார்ட் (உடம்புக்குப் பொருந்தப் பிடித்துத் தைக்கும் மடிப்பு) அதிகம் இல்லாமலேயே துணி உடம்போடு ஒட்டி இறங்கியது அதனால்தான். நாம் பிளவுஸ் கழுத்துப் பட்டிக்கும் பைப்பிங்குக்கும் கிராஸ் பீஸ் வெட்டுவோமே, அதே வேலை முழு உடையிலும். பக்கவாட்டுத் தையல் எங்கே விழுகிறது, டார்ட் எங்கே முடிகிறது, கை எந்தக் கோணத்தில் ஏறியிருக்கிறது என்பதையெல்லாம் அதன் பிறகு பாருங்கள்.

உள்பக்கம் தெரியவில்லையே என்று கவலை வரும். நியாயம்தான். நல்ல கண்காட்சி என்றால் அதற்கு ஏதாவது ஏற்பாடு செய்திருப்பார்கள். 2017இல் லண்டனில் ஸ்பெயின் டிசைனர் பாலென்சியாகாவுக்கு வைத்த கண்காட்சியில் உடைகளை எக்ஸ்ரே எடுத்து மாட்டினார்கள். வெளியே காற்றில் பறக்கிற மாதிரி இருந்த கவுனுக்குள் எலும்புக்கூடாக வளையங்களும், விளிம்பில் வைத்த எடைகளும் தெரிந்தன. அப்படி எதுவும் இல்லாத இடத்தில் பொம்மைக்குப் பின்னால் கண்ணாடி வைத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். பக்கத்திலேயே பேப்பர் பேட்டர்னோ, வெள்ளைக் காடாத் துணியில் தைத்துப் பார்த்த மாதிரியோ இருந்தால் முழு உடையைவிட அதன் முன்னால் அதிக நேரம் நில்லுங்கள். அங்கேதான் டிசைனர் யோசித்தது தெரியும்.

பொம்மைக்கு ஏன் தலையில்லை, ஏன் இடுப்பு விநோதமாக இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். கடையில் பொம்மைக்கு ஏற்றபடி உடையை ஊசி குத்தி இறுக்குவார்கள். மியூசியத்தில் உடைதான் முதலாளி, அதற்கேற்றபடி பொம்மைக்குப் பஞ்சு வைத்துச் சுற்றி உடம்பு கட்டுகிறார்கள். அதனால் பொம்மையின் உடம்பைக் கவனித்தால் அதை அணிந்த பெண்ணின் உடல்வாகு ஓரளவு தெரிந்துவிடும்.

படி 7: சின்ன அட்டையைப் படிப்பது

பெரிய சுவர் எழுத்தைவிட உடையின் காலடியில் இருக்கும் சின்ன அட்டை முக்கியம். வருடம், துணியின் பெயர், வேலைப்பாடு, யார் அணிந்தது, யார் கொடுத்தது என்று ஐந்தாறு வரி இருக்கும். யார் அணிந்தது என்ற வரி சில சமயம் மொத்த உடையையும் மாற்றிவிடும். மதுரை காந்தி மியூசியத்தில் காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறைத் துணியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெட்டு, தையல் என்று பேச அதில் எதுவும் இல்லை. (கொடைக்கானல், பழனி மலைப் பக்கம் இருந்து மதுரைக்கு இறங்குகிறவர்கள் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.)

அட்டையில் நான் தேடும் இன்னொரு வரி, யார் செய்தது என்பது. டிசைனர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். நெய்தவர், சாயம் போட்டவர், ஜர்தோசி என்கிற ஜரிகைப் பூவேலை போட்டவர் பெயர் இருக்கிறதா? இல்லை, குறைந்தது ஊர்ப் பெயராவது இருக்கிறதா? 2023 மார்ச்சில் டியோர் கம்பெனி மும்பை கேட்வே ஆஃப் இந்தியா முன்னால் தன் ஷோவை நடத்தியபோது, எம்பிராய்டரி செய்த மும்பை சாணக்யா பட்டறையின் பெயரை உலகம் முழுக்க எழுதினார்கள். பல வருடங்களாக வெளியே தெரியாமல் நடந்துகொண்டிருந்த வேலை அது. "கையால் செய்த வேலைப்பாடு" என்று ஒரே வரியில் முடித்துவிடும் அட்டையைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். யாருடைய கை? அங்கே நிற்கும் வழிகாட்டியிடம் தயங்காமல் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் அடுத்த கண்காட்சியில் அட்டையில் ஒரு வரி கூடும். தமிழிலேயே கேளுங்கள், சென்னையில் இருந்தால் பதிலும் தமிழிலேயே கிடைக்கும்.

மலையில் ஒரு கடையில் தோடர் பூவேலை வைத்த ஜாக்கெட்டை "எங்கள் டிசைன்" என்று மாட்டியிருந்ததைப் பார்த்தேன். தைத்த பெண்ணின் பெயரும் இல்லை, மந்தின் பெயரும் இல்லை. விலை மட்டும் தெளிவாக இருந்தது.

படி 8: வரைவது, எடுப்பது, வாங்குவது

போட்டோ எடுக்க விட்டாலும் முதலில் வரையுங்கள். அழகாக வரவேண்டிய அவசியமில்லை. தையல் கோடு எங்கே போகிறது என்று ஒரு கிறுக்கல், பக்கத்தில் "கழுத்து கிராஸ், கை ஒரே பீஸ், லைனிங் சிவப்பு" என்று மூன்று வார்த்தை. போனில் எடுத்த நூறு படத்தை வீட்டுக்குப் போய் யாரும் பார்ப்பதில்லை. எடுப்பதாக இருந்தால் முழு உடையை எடுக்காதீர்கள், அது நெட்டிலேயே கிடைக்கும். கைமுட்டுப் பட்டி, காஜா, பொம்மையின் முதுகுப் பக்கம் என்று நெட்டில் கிடைக்காத இடங்களை எடுங்கள்.

வாசல் கடையில் கண்காட்சிப் புத்தகம் கனமாக இருக்கும், விலையும் அப்படித்தான். தனியாக வாங்காமல் மூன்று பேர் சேர்ந்து வாங்கி வகுப்பில் வையுங்கள்.

சின்னக் குழந்தைகளைக் கூட்டிப் போனால் ஒருமணி நேரத்துக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். வயதானவர்களுக்கு உட்கார நாற்காலி எங்கே என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் உடையை நன்றாகப் பார்ப்பது பாட்டிகள்தான். படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஊரே வெள்ளை உடுத்தி நிற்கும்போது யார் துணி புதுசு, யார் மடிப்பு சரியில்லை என்று பத்தடி தூரத்தில் இருந்தே சொல்லிவிடுகிறவர்கள் ஆயிற்றே.

படி 9: திரும்பி வந்த பிறகு

அந்த வாரமே ஒரு பழைய வேட்டியை எடுத்து, பார்த்ததில் ஒரே ஒரு விஷயத்தைத் தைத்துப் பாருங்கள். முழு உடை வேண்டாம். ஒரு காலர், ஒரு கை, கிராஸில் வெட்டிய ஒரு பாவாடைத் துண்டு. கிராஸ் துணியை வெட்டியதும் தைக்காமல் ஒரு ராத்திரி கொடியில் தொங்கவிடுங்கள், துணி தன் இஷ்டத்துக்கு இறங்கி நின்ற பிறகு விளிம்பை வெட்டினால் கோணல் வராது.

இன்னொன்று, மியூசியக்காரர்கள் துணியை வைக்கும் முறை நம் மலை வீடுகளுக்கு அப்படியே பொருந்தும். ஜூன் முதல் அலமாரியைத் திறந்தாலே பூஞ்சை வாடைதானே. அம்மாவின் கல்யாணப் பட்டுச் சேலையையோ பாட்டியின் பூத்துக்குளியையோ பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடாதீர்கள், உள்ளே ஈரம் தேங்கும். கஞ்சி போகத் துவைத்துக் காயவைத்த வெள்ளைக் காடாத் துணியில் சுற்றுங்கள். மடித்து வைத்தால் மடிப்பிலேயே ஜரிகை முறியும், முடிந்தால் அட்டைக் குழாயின்மேல் காடாத் துணியைச் சுற்றி அதன்மேல் உருட்டி வையுங்கள். மடித்துத்தான் வைக்க முடியும் என்றால் சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். பாச்சை உருண்டை ஜரிகைமேல் நேராகப் படக் கூடாது. கம்பளித் துணியில் பூச்சி விழுந்துவிட்டதா? மியூசியத்தில் அதைக் காற்றுப் புகாமல் கட்டி உறைகுளிரில் சில நாட்கள் வைத்து எடுப்பார்கள். வீட்டு ஃபிரீசரிலும் செய்யலாம். பிளாஸ்டிக் கவர் உதவுவது இந்த ஒரு வேலைக்குத்தான், காற்றைப் பிதுக்கி எடுத்துவிட்டு இறுக்கிக் கட்டி, ஒரு வாரத்துக்குக் குறையாமல் வையுங்கள். வெளியே எடுத்ததும் கவரைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரும்வரை விட்டுவிட்டு, பிறகு பிரித்து மெல்ல உதறுங்கள். வெயில் வந்த நாளில் நிழலில் விரித்துக் காற்றாட விட்டால் போதும், நேர் வெயில் வேண்டாம்.